கதிரை மாறிய துக்கம்

"என் அழுகைய எடுத்துட்டுப் போயிட்டு, கொடத்த வேற முன்னுக்கு வைக்கிறியா? திருப்பிக் குடுடி!" என்று கமலம் கத்த, "நானா எடுத்தேன்? கதிரையில கெடந்துச்சு, தானா ஒட்டிக்கிச்சு!" என்று ரத்தினம்மா பதிலுக்குக் கத்த, மஹய்யாவ பைப்படியில் அன்று காலை ஒருவரும் தண்ணீர் பிடிக்கவில்லை. தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. சண்டையை விட்டுவிட்டுக் குடத்தைக் கவனிக்க யாருக்கு மனம் வரும்?

விஷயம் இதுதான். பாண் ரொட்டிக்கு ஊரே வரிசையில் நின்ற எழுபத்து மூன்றாம் வருஷம். கமலத்தின் புருஷன் சுந்தரலிங்கம் பன்வில ரோட்டில் லொறி கவிழ்ந்து செத்து இரண்டு வருஷமாகியும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு பேருக்குச் சமைப்பாள், பாதியைச் சாப்பிடுவாள், மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அடுத்த வீட்டு ரத்தினம்மா கந்தோரில் டைப் அடிப்பவள். திகனையில் கடை வைத்திருந்த கணபதி என்பவர் அவளைப் பெண் பார்க்க வந்து, ஏழு வடை தின்று, கடிதம் போடுவதாகச் சொல்லிப் போய் ஆறு வருஷம். அவளுக்கும் அழுகை வரவில்லை. விக்கல்தான் வந்தது, அன்றிலிருந்து நிற்காமல். கட்டுக்கலைப் பக்கம் டிஸ்பென்சரி வைத்திருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் மயில்வாகனம் இருவருக்கும் குளிசை எழுதவில்லை, துண்டில் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சோகப் படத்தின் பெயரை எழுதினார். "மூண்டே மூண்டு தரம் பாருங்கோ. முதல் நாள் துக்கத்தைக் கதிரையில இறக்கி வையுங்கோ. ரெண்டாம் நாள் அது ஊறட்டும். மூண்டாம் நாள் கழுவின துக்கத்தை வீட்டுக்குக் கொண்டு போங்கோ. கதிரையை மட்டும் மாத்திப்போடாதேங்கோ," என்றார். மூன்று காட்சியிலும் டொக்டரே கடைசி வரிசையில் இருந்து மூக்குச் சிந்தினார் என்று டிக்கெட் கிழிக்கும் அழகையா சொல்வான். அவருக்கு என்ன துக்கமோ, அதுதான் இன்னும் நமக்குத் தெரியவில்லை.

பதினேழாம் நம்பர் கதிரை கமலத்துக்கு, பதினெட்டு ரத்தினம்மாவுக்கு. மூன்றாம் நாள் பதினெட்டில் மூட்டைப்பூச்சி. பாண் வரிசையில் நின்ற கமலம் வந்து சேரவில்லை. ரத்தினம்மா ஒரு கதிரை தள்ளிப் பதினேழில் உட்கார்ந்துகொண்டாள். படம் தொடங்கியபின் ஓடி வந்த கமலம் இருட்டில் காலியாய்க் கிடந்த பதினெட்டில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் ரத்தினம்மாவின் விக்கல் நின்றது. அவள் சுந்தரலிங்கத்துக்காக அழுதாள், தலைவிரி கோலமாக, புருஷனைப் பறிகொடுத்தவள் அழுவதுபோல். அவருடைய முதுகில் வலப்பக்கம் மச்சம் இருந்ததைச் சொன்னாள், ரசத்தில் அவருக்கு உப்புக் குறைவாக இருக்கவேண்டும் என்றாள். அவரோடு ஒரு வார்த்தை பேசியவளில்லை. உப்பு போகட்டும், முதுகு மச்சம் எப்படித் தெரியும் என்று எங்கள் தெரு ஒரு மாதம் யோசித்தது. யோசிக்கக்கூடிய விதமாக எல்லாம் யோசித்தது. கமலத்துக்கோ விக்கல் பிடித்தது. யாரென்றே தெரியாத ஒருவரின் கடிதத்துக்காகத் தபால்காரரை மறித்தாள்; ஞாயிற்றுக்கிழமைகளில் திகனை பஸ் வரும் இடத்தில் போய் நின்றாள், ஏன் நிற்கிறோம் என்று பக்கத்தில் நிற்பவர்களிடமே கேட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புருஷனின் போட்டோவைப் பார்த்து, "யாரு இது? நல்ல ஆளு மாதிரி இருக்காரே," என்றாள். அழாத காலத்திலாவது அவர் முகம் நினைவில் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. பைப்படிச் சண்டை அந்த முகத்துக்காகத்தான்.

டொக்டர் இன்னொரு துண்டு எழுதினார். அதே படம், அவரவர் இப்போது வைத்திருக்கும் துக்கத்தை அழுது கதிரையில் இறக்கிவிட்டு, இடைவேளையில் இடம் மாறி உட்காரவேண்டும். படம் அதற்குள் பதுளைக்குப் போய்விட்டிருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரே ஒரு நாளுக்குத் திரும்பி வந்தபோது தெருவே போய் உட்கார்ந்தது. திரையைப் பார்த்தவர்கள் குறைவு. கமலம் விக்கி விக்கி அழுது முடித்து, லைட் போட்டதும் எழுந்து நின்றாள். ரத்தினம்மா எழும்பவில்லை. கண்ணை இறுக்கி மூடி, கதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விடவில்லை.

"எந்திரிடி. அவரு மொகத்தக் குடுத்துரு."

"கமலக்கா, உங்களுக்கு அவரோட எட்டு வருசம் இருந்துச்சு. எனக்கு வந்தவரும் இல்ல, செத்தவரும் இல்ல. இவரு ஒருத்தருதான் எனக்குன்னு செத்திருக்காரு."

திட்டுவதற்குத்தான் கமலம் வாயைத் திறந்தாள். மணி அடித்தது, லைட் போனது. அவள் தான் அழுத கதிரையிலேயே திரும்ப உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு திகனை பஸ்ஸில் இருந்து கணபதி இறங்கினார், தலையில் பாதி நரையோடு. தனக்காகவே ஆறு வருஷம் நின்றவள்போல ஒருத்தி நிற்பதைக் கண்டு, "மன்னிச்சுக்குங்க, கடிதம் போடல," என்றார். கமலத்தின் விக்கல் அந்த இடத்தில் நின்றது. ஆவணியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் தாலி கட்டி, இருவரும் திகனைக்குக் குடிபோனார்கள். கல்யாணத்துக்கு வந்த ரத்தினம்மா மாப்பிள்ளையைப் பார்த்து, "யாரு இவரு?" என்று கேட்டாள். டொக்டர் டிஸ்பென்சரியைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே போய்விட்டார். ரத்தினம்மா வெள்ளைச் சேலையில் கந்தோருக்குப் போகிறாள். கிராம சேவகரும் கொஞ்ச நாள் தலையைச் சொறிந்துவிட்டு, அவளை விதவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுந்தரலிங்கத்தின் திவசத்தை வருஷம் தவறாமல் அவள்தான் செய்கிறாள். கமலம் புருஷனோடு வாழைச்சீப்புக் கொண்டு வந்து, விருந்தாளியாகப் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். போன வருஷம் ரசத்தை நக்கிப் பார்த்து, "அவருக்கு உப்பு இவ்வளவு கொறைவாவா வேணும்?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்," என்றாள் ரத்தினம்மா.

"அப்ப, தொந்தரவு குடுக்காத மனுசன்," என்று சொல்லி, கமலம் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.