வியாழக்கிழமை எடுத்த காட்சி

பெர்னிஸ் கதவைத் தட்டவில்லை. இரண்டு கையிலும் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரம் இருந்ததால் காலாலேயே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். எல்மர் நாற்காலி எதையும் இழுத்துப் போடவில்லை, விளக்கைக்கூடப் போடவில்லை. அணைந்து கிடந்த டெலிவிஷன் பெட்டிக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தான்.

"என்ன எல்மர், சாவு வீடு மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் அவளே, "சரி, சாவு வீடுதான். அதுக்காக? ஏழரைக்குத் தொடர், தெருவே வரப்போவுது. எந்திரி," என்றாள்.

"யாரும் வரவேண்டாம்னு சொல்லிடேன் பெர்னிஸ்."

"நான் சொல்லமாட்டேன்ப்பா. எங்கக்கா நடிச்சதை எங்கக்கா வீட்டுலதான் பாக்கணும். இந்தத் தெருவுல என்னிக்காவது அது மாறியிருக்கா?"

மாறியதில்லைதான். சினிமா ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பாங்கில் அந்தத் தெரு முழுக்கச் சின்னச் சின்ன நடிகர்கள். ஒருத்தர் குதிரையிலிருந்து விழுவார், ஒருத்தி ஹோட்டல் வரவேற்பறையில் சாவி எடுத்துக் கொடுப்பாள், இன்னொருத்தர் வருஷம் முழுக்கக் கூட்டத்தில் ஒருவராக நிற்பார். யாருடைய முகமாவது டெலிவிஷனில் வருகிறது என்றால் அன்றைக்கு எல்லோரும் அவர் வீட்டில்தான். அதிலும் சனிக்கிழமை ராத்திரி வரும் அந்தக் கோர்ட் தொடர் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் விளம்பரம் வரும்போது ஒவ்வொருவரும் கொலைகாரன் யாரென்று சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும். நடித்தவரோ அதுவரைக்கும் கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடக்கூடாது. எல்மர் தலைகீழாக நின்று வாயைப் பிடுங்கினாலும் அவன் மனைவி மார்செல்லாவிடமிருந்து ஒரு வார்த்தை வராது. அந்த விஷயத்தில் அவள் அழுத்தக்காரி.

ஆனால் கடைசியாக நடித்ததற்கு மட்டும் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம், கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்து வந்தாள். இரண்டு கண்ணும் கோவைப்பழம். எல்மர் பஸ் பணிமனையிலிருந்து அப்போதுதான் வந்து, கிரீஸ் போகாத கையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான். "என்ன கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டான். "அழுகைக் காட்சி. திரும்பத் திரும்ப எடுத்து உயிரை வாங்கிட்டாங்க," என்றாள் அவள். "அப்ப நீதான் கொலைகாரியா?" என்று இவன் சிரித்தான். அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு அவன் இன்னும் கொஞ்சம் கறி கேட்டான். மறுநாள் காலையில், முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவள், கடற்கரைக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டாள். மழை இல்லை. மூடுபனி இல்லை. சாலையில் பிரேக் போட்ட தடமும் இல்லை.

போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டம்மாவுக்கு மனசுல ஏதாவது வருத்தம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அழுகைக் காட்சி எடுத்துக் களைச்சுப்போயிருந்தா, அவ்வளவுதான்," என்றான் எல்மர். அவர் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். அடக்கத்தன்று பெர்னிஸ் இவன் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டாள். அதே பதிலைத்தான் சொன்னான். "நல்லவேளை, நல்லவேளை," என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் இந்த இரண்டு மாதமாகச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். எல்மருக்கு என்னவோ, அவ்வளவாகத் தூக்கமில்லை. பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு, அது அழுகைக் காட்சிதான், அழுகைக் காட்சிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். இன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அவள் அழுவதை ஒரு தடவை பார்த்துவிட்டால், அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவளை நிம்மதியாகப் போகவிடலாம்.

ஏழு மணிக்கெல்லாம் தெரு வந்துவிட்டது. வருகிறவர்கள் துக்கத்துக்கு வருகிற மாதிரி வருவதா, கொண்டாட்டத்துக்கு வருகிற மாதிரி வருவதா என்று தெரியாமல் வாசலிலேயே கொஞ்சம் தயங்கினார்கள். பியர் பாட்டில்களைக் கொண்டு வந்தவன் அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தான். எதிர்வீட்டு கிளாரன்ஸ் கிழவரும் அவர் மனைவி மேபெல்லும் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார்கள். கிளாரன்ஸுக்கு அந்தத் தொடரில் நிரந்தர வேலை. வாராவாரம் கோர்ட்டில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் உட்காருவார். ஒருநாளும் ஒரு வசனம் கிடைத்ததில்லை, ஆனால் அவர் மொட்டைத்தலை இல்லாமல் ஒரு கொலை வழக்கும் நடந்ததில்லை.

"இன்னிக்காவது உங்க தலையில கொஞ்சம் பவுடர் போட்டாங்களா தாத்தா? போன வாரம் கண்ணு கூசிப்போச்சு," என்று யாரோ சீண்டினார்கள்.

"பேசாம இருடா. அந்த வக்கீலுக்கே என் தலையிலேர்ந்துதான் வெளிச்சம்," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மேபெல் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

தொடர் ஆரம்பித்தது. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே படம் மேலே மேலே ஓட ஆரம்பித்துவிட்டது. சனியன் பிடித்த பெட்டி! எல்மர் எழுந்து பின்பக்கம் போய் ஏரியல் கம்பியைப் பிடித்தான். "ஆங், அப்படியே! அப்படியே நில்லு, அசையாத," என்று கத்தினார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான். பெட்டிக்குள்ளிருந்து சூடான வால்வுகளின் வாசனை வந்தது. அப்போது அவள் குரல் கேட்டது.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருவாள் என்று தெரியும், அதற்காகத்தானே இவ்வளவும். ஆனாலும் அந்தக் குரல் மரப்பலகையைத் தாண்டி அவன் வயிற்றில் வந்து அதிர்ந்தபோது கம்பியை விட்டுவிட இருந்தான். ஏதோ தோட்டத்தில் விருந்து போலிருக்கிறது. அவள் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொடுத்துக்கொண்டே யாரையோ கேலி செய்தாள். என்ன கேலி என்று அவன் காதில் விழவில்லை, சிரிப்புதான் விழுந்தது. நன்றாக, வாய்விட்டு, சமையலறையில் சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முகமெல்லாம் நீல வெளிச்சம். அவர்களும் தங்களை மறந்து சிரித்தார்கள். பெர்னிஸ் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பின்னால் நின்று எட்டிப்பார்க்க முடியாதா என்றால் முடியும். ஆனால் அசைந்தால் படம் ஓடிவிடும். போகட்டும், நாம் பார்க்கவேண்டியது இதில்லையே என்று நினைத்துக்கொண்டு அவன் நின்றான்.

முதல் விளம்பரம் வந்ததும் வழக்கம்போல் யார் கொலைகாரன் என்று கேட்டார்கள். ஒருத்தர் தோட்டக்காரன் என்றார், ஒருத்தி பங்காளி என்றாள். பெர்னிஸ், "யாரா வேணா இருக்கட்டும், எங்கக்கா இல்ல. அவ கொசுவைக்கூட அடிக்கமாட்டா, ஜன்னலைத் திறந்து வெளிய அனுப்புவா," என்றாள். எல்மரையும் கேட்டார்கள். அவன் தோட்டக்காரன் பெயரையே சொன்னான்.

ஏரியலை ஒரு நாற்காலியில் சாய்த்துக் கட்டிவிட்டு அவன் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். கடைசியில் கோர்ட் வந்தது. கிளாரன்ஸின் தலையும் வந்தது. இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. கூண்டில் மார்செல்லா. அவளுடைய சொந்தத் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வக்கீல் அருகில் வந்து மெதுவாக, மிக மெதுவாக ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், அந்த நேரத்துக்கு அங்கே வெளிச்சமே இருந்திருக்காதே, அப்படியானால் எப்படிப் பார்த்தீர்கள். அவள் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள். பிறகு முகம் இடிந்துபோயிற்று. "நான்தான். நான்தான் செஞ்சேன். போதும், கேக்காதீங்க," என்று அழுதாள். எல்மர் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் போய் மண்டிபோட்டு அவள் கண்களைப் பார்த்தான். கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. கடவுளே, சொன்ன மாதிரியே அழுதிருக்கிறாள். பாவம், எவ்வளவு அழுதிருக்கிறாள்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோருமே தட்டினார்கள். பெர்னிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தோத்தவங்கள்லாம் பாத்திரத்துக்கு வாங்க. நானும் தோத்துட்டேன்," என்று சமையலறைக்குப் போனாள். கிளாரன்ஸ் எழுந்து வந்து எல்மரின் தோளைப் பிடித்துக்கொண்டார். கிழவர் கண்ணும் நனைந்திருந்தது.

"அவ அழுவும்போது நான் பின்னாலதான் இருந்தேன் எல்மர். எத்தனை கொலைகாரங்களைப் பாத்திருக்கேன், இப்படி யாரும் அழுததில்ல. ஆனா பாரு, கட்னு சொன்னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்து எங்ககூட உக்காந்து சாண்ட்விச் தின்னா. என் தலையைத் தடவி, வழக்கு ஜெயிக்க இதுதான் ராசின்னா. திங்கக்கிழமை காலையிலயே அந்தப் போடு போட்டா பாரு!"

"வியாழக்கிழமை," என்றான் எல்மர்.

"இல்லப்பா, திங்கக்கிழமை. கோர்ட்டு காட்சியெல்லாம் எப்பவும் முதல் ரெண்டு நாள்லயே முடிச்சிருவாங்க. கூட்டத்தை வாரம் பூரா வச்சுச் சோறு போட யாரால ஆவும்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்களை அனுப்பிட்டாங்க."

"அப்ப வியாழக்கிழமை?"

"தோட்டத்து விருந்து. எலுமிச்சைச் சாறு ஊத்துறாளே, அது. மேபெல்லும் அன்னிக்கு விருந்தாளியா நடிக்கப் போனாளே. வெளிப்புறக் காட்சி, அது ஒண்ணுதான். ஏன்?"

ஒன்றுமில்லை என்றான் எல்மர். கிளாரன்ஸும் மேபெல்லும் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். மற்றவர்களும் போனார்கள். அவன் அங்கேயே நின்றான். கதையில் வருகிற வரிசையிலா காட்சிகளை எடுக்கிறார்கள்? நடிகைக்குப் புருஷனாக இத்தனை வருஷம் இருந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவளே சொன்னாள், அவன் நம்பினான். நம்புவது சுலபமாக இருந்தது, கறியும் சூடாக இருந்தது. அன்று முழுக்க அவள் சிரித்திருக்கிறாள். திரும்பத் திரும்ப எடுத்தது சிரிப்பை. பிறகு ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எங்கேயோ காரை நிறுத்திவிட்டு, கண் அப்படிச் சிவக்கும்வரை தனியாக அழுதிருக்கிறாள். எதற்காக என்று அவன் கேட்கவில்லை. கேட்டான், ஒரு தடவை கேட்டான். பொய் சொன்னாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால்?

அழுதது வழியில்தானா, ஸ்டுடியோவிலேயேதானா? சிரிக்கும்போதே கண்ணில் தெரிந்ததா? அவன் பார்க்கவில்லையே! அவள் கடைசியாகச் சிரித்ததை இந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், அவன் ஒருவன்தான் பெட்டிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

செருப்புக்கூட மாட்டாமல் வெளியே ஓடினான். கிளாரன்ஸும் மேபெல்லும் தெருவின் நடுவில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மேபெல்! நில்லுங்க. அன்னிக்கு அந்த விருந்துல, அவ கண்ணு எப்படி இருந்துச்சு? செவந்திருந்துச்சா?"

மேபெல் திரும்பி அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "நான் தூரத்து மேஜையில இருந்தேன் எல்மர். சிரிப்பு மட்டும்தான் கேட்டுச்சு."

"இப்பப் பாத்தீங்களே? பெட்டியில கிட்டத்துல காட்டினாங்களே?"

"அட, கறுப்பு வெள்ளையில செவப்பு எங்கப்பா தெரியும்?" என்றாள் அவள், ரொம்பவும் மெதுவாக.

அவர்கள் போன பிறகு அவன் திரும்பினான். தெருவில் எல்லா ஜன்னல்களிலும் அடுத்த நிகழ்ச்சியின் வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. அவன் வீட்டு வாசலில் பெர்னிஸ் நின்றிருந்தாள். கையில் சோப்பு நுரை வழியும் ஒரு தட்டு.

"எதுக்குப்பா அப்படி ஓடின? என்ன கேட்ட அவங்ககிட்ட?"

அடக்கத்தன்று அவள் சொன்ன அந்த 'நல்லவேளை' காதில் கேட்க, அவன் ஈரப்புல்லில் நின்றான். படியில் ஒரு காலை வைத்தான், எடுத்தான்.

"எல்மர்?" என்றாள் பெர்னிஸ். நுரை அவள் முழங்கை வரைக்கும் வழிந்து இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.