மாப்பிள்ளைக்குப் பிடிக்காத இடம்

என் தங்கை சுஜிக்கு நிச்சயமான மாப்பிள்ளை டெனிஸ், எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்றான். அதுதான் பிரச்சினை.

"சினிமான்னா உங்க இஷ்டம். சாப்பாடுன்னா உங்க இஷ்டம். உங்களுக்குக் கோபமே வராதான்னு நேத்து கேட்டேன். வரணுமாங்கறார்" என்றாள் சுஜி. "சுவத்தைக் கட்டிக்கிட்டு நான் என்னண்ணா பண்றது?"

அவள் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். அதனால் முந்தின நாளே நான் டெனிஸை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்றாள். மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துத் தருவது பெண் வீட்டு முறை. கோட்டு சாக்கு. அவனுக்கு வாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

"ஏன் நான்?"

"உனக்குத்தானே வேலை இல்லை."

உண்மை. கால் சென்டரில் நைட் ஷிஃப்டை விட்டதிலிருந்து தாம்பரத்தைச் சுற்றித் தனியாகத் தின்றதைத் தவிர நான் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. அதை உருப்படியாகச் செய்திருக்கிறேன். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பது எனக்கு அத்துப்படி. போகக் கூடாத இடத்தில் ஆரம்பித்தேன்.

அது ஒரு பிரியாணிக் கடை. அரிசி பாதிதான் வெந்திருக்கும். டெனிஸ் நிதானமாக மென்றான்.

"எப்படி?"

"நல்லாருக்கு ப்ரோ."

"உப்பு?"

"ஓகேதான்."

"கறி இருக்கா?"

சோற்றைக் கிளறிப் பார்த்தான். "இருக்கும்."

விசுவாசமுள்ள பிள்ளை. சபைக்கு ஏற்றவன். வீட்டுக்கு ஆவானா என்பதுதான் கேள்வி.

அடுத்து மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் லோகநாதன் கடை. வெளிநாட்டுக்குத் தைத்து மிச்சமான துணிகளைக் கொண்டுவந்து விற்கிறவர். என் நல்ல சட்டை எல்லாம் அங்கே கிடைத்ததுதான். ஒரு பட்டன் இருக்காது, துணி முதல் தரம். அன்றைக்கு நான் நல்லதைத் தேடவில்லை. மூலையில் தொங்கிய பச்சை வெல்வெட் கோட்டை உருவிக் கொடுத்தேன். கழுத்தோரம் முழுக்க ஜிகினா.

டெனிஸ் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். "உங்க இஷ்டம் ப்ரோ."

லோகநாதனுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா சார், கல்யாணத்துக்கா? இது ஆர்கெஸ்ட்ராகாரங்களுக்குன்னு வச்சிகினு கீறேன். என் கடைதான், ஆனா வாணாம் சார்."

கடைக்காரனுக்கு இருக்கிற அபிப்பிராயம்கூட மாப்பிள்ளைக்கு இல்லை. சுவர்தான் என்று முடிவுகட்டினேன். சோதனை முடிந்தது, எனக்குத் தாகம். அவனையும் இழுத்துக்கொண்டு என் இடத்துக்கே போனேன்.

முடிச்சூர் ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிற பார். டிவி கிடையாது, பாட்டு கிடையாது, யாரும் யாரையும் எங்கே வேலை என்று கேட்பதில்லை. உட்கார்ந்தால் போதும், சர்வர் குப்பன் அண்ணன் பீரும் ஈரல் வறுவலும் கொண்டுவந்து வைத்துவிடுவார். அந்த ஈரலுக்காக நான் யாரோடும் வாதாடுவேன்.

டெனிஸ் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றான். தண்ணீர் குடித்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டா? இது செருப்பு மாதிரி இருக்கு."

"எது?"

"ஈரல்தான். தீய விட்டுட்டு மிளகைக் கொட்டி மறைச்சிருக்காங்க."

"தாம்பரத்துலயே இதான் பெஸ்ட்."

"தாம்பரம் பாவம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வேகாத அரிசியைத் தின்னுட்டு நல்லாருக்குன்ன. பச்சைக் கோட்டை மாட்டிக்கிட்டு என் இஷ்டம்ன. இப்ப மட்டும் நாக்கு முளைச்சிடுச்சா?"

"அதெல்லாம் உங்களுக்கே பிடிக்கலையே. பிரியாணில நீங்க கை வைக்கவே இல்ல. அதுக்குப் போய் எதுக்கு மச்சான் சண்டை? இது உங்களுக்கு நிஜமாவே பிடிச்ச இடம். இங்க பொய் சொன்னா தப்பு."

அவனுக்கு ஏர்போர்ட்டில் வேலை. பெட்டி தொலைத்தவர்கள் வந்து கத்துகிற கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறான். "நாள் பூரா சாரி சொல்ற வேலை. வெளில வந்தா, ஆளைப் பாத்துதான் வாயைத் தொறப்பேன்" என்றான்.

"சுஜிகிட்ட தொறக்கறதுதானே?"

"அவங்க டீச்சர். தப்பாச் சொல்லிட்டா?"

இன்னொரு பிளேட் சொன்னேன். முதல் பிளேட் ஏதோ கைதவறி வந்திருக்க வேண்டும். இரண்டாவதையும் மென்றுவிட்டு, அதைவிட மோசம் என்றான். என் ருசியை நம்ப முடியாது, கோட்டை அவனே பார்த்துக்கொள்கிறேன் என்றான். பக்கத்திலேயே நின்ற குப்பன் அண்ணன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் வலித்தது.

வீட்டுக்குப் போனபோது சுஜி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "சுவர்தானே?"

ஆமாம் என்றால் போதும், கல்யாணம் நின்றுவிடும். என் ஈரலைச் செருப்பு என்றவனுக்கு அது வேண்டியதுதான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"எனக்கு ருசியே தெரியலைன்னான்."

சிவப்புப் பேனா நின்றது. "உன் மூஞ்சிக்கு நேராவா?"

"நேரா. நான் தலைல வச்சுக் கொண்டாடற ஈரலைச் செருப்புன்னான். சண்டை போட்டேன், மசியல. கோட்டும் நான் எடுக்கக் கூடாதாம், அவனே பாத்துக்கறானாம்."

சுஜி என்னையே பார்த்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்மா, ஓலையை நாளைக்கே வாசிக்கலாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடு" என்றாள். பேனாவை எடுத்து அடுத்த பேப்பரைப் புரட்டினாள். "அது செருப்புதாண்ணா. நீ பார்சல் வாங்கிட்டு வருவியே, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"ஆசையா வாங்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

"அப்ப நீயும் அவனும் ஒண்ணுதான்."

"அதான் சரின்னு சொல்றேன்."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்த ஈரலா? பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன்டா. அதுவே மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."