செல்வாம்பாள் வீட்டு பிரெஞ்சு லாரி

மூலக்குளத்தில் செல்வாம்பாள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயரைச் சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சு லாரி நிற்கிற வீடு என்பார்கள். தகரக் கொட்டகைக்குள் நாற்பது வருஷமாக ஓடாமல் நிற்கும் அந்த லாரியை, அந்தம்மாவின் மாமனார் பிரான்சுக்கே திரும்பிப் போன ஒரு முசியேவிடம், அதாவது ஒரு பிரெஞ்சுக்கார துரையிடம், வாங்கினாராம். முசியேவிடம் வாங்கினது பிரெஞ்சு வண்டியாகத்தானே இருக்கும்? புதுச்சேரியில் இது ஒரு வழக்கம். கொஞ்சம் பழசாக, கொஞ்சம் அயல்நாட்டுக் களையோடு எது கிடந்தாலும் அது பிரெஞ்சுக்காரன் காலத்தது. பூட்டானாலும் சரி, கால் உடைந்த நாற்காலியானாலும் சரி. யாரும் சரிபார்ப்பதில்லை. சரிபார்த்து என்ன ஆகப்போகிறது?

சரிதாவுக்கு ஆகவேண்டியிருந்தது. வில்லியனூர் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவள் அவள். பதினைந்து வருஷமாக ஆட்டோவும் லோடு வண்டியுமாகப் பார்க்கிறாள். இன்று பிரேக், நாளை கிளட்ச். வண்டிக்காரன் பக்கத்திலேயே நின்றுகொண்டு எப்போது முடியும், எப்போது முடியும் என்று உயிரை எடுப்பான். ஒரே ஒரு வண்டியையாவது கடைசி போல்ட் வரைக்கும் பிரித்துப்போட்டு, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, தன் கையாலேயே திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று கணவன் இனியவனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். அவன் சிரித்தான்.

அந்த லாரிக்கு இப்போது வேளை வந்திருந்தது. கொட்டகையைப் பிரித்துவிட்டு அங்கே மகனுக்கு இரண்டு அறை கட்டப் போவதாகச் செல்வாம்பாள் முடிவு செய்தாள். வண்டியைக் கேட்டு முதலில் வந்தவர் பழைய இரும்புக்காரர். அவர் ‘இந்த இரும்பு’ என்று ஆரம்பித்ததுமே அந்தம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். விலை வேண்டாம், ஆனால் இது என்ன வண்டி என்று தெரிந்தவருக்குத்தான் கொடுப்பாள்.

“பொண்ணு கேட்டு வர்றவன் பொண்ணு பேரு தெரியாமயா வருவான்?” என்று கேட்டாள்.

கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி, பல வருஷமாக அந்த வீட்டோடு பழக்கமுள்ள சரிதா. இன்னொருவர் கடற்கரைப் பக்கம் ரெஸ்டாரண்ட் நடத்தும் கலியமூர்த்தி. நல்ல மனுஷர், சிரித்த முகம், யாரையும் மனம் நோகப் பேசத் தெரியாது. லாரியை வாசலில் நிறுத்தி, பின்னால் நாலு மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு அதன் மேலேயே காப்பி கொடுப்பது அவருடைய திட்டம். ஓடுகிறதா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பதில் சொல்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மதியம் சரிதா அனுமதி வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். வண்டி முன்னே நின்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கவே அவளுக்கு நன்றாக இருந்தது. உருண்டையான மூக்கு, தவளைக்கண் விளக்கு, சக்கரத்துக்கு மேல் அகலமான இறக்கை. ஆனால் எழுத்து என்று எங்கேயும் ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு லாரிக்குப் பெயின்ட் அடிப்பது அந்த வீட்டுப் பழக்கம். ஓடுகிற காலத்தில் ஆரம்பித்தது, நின்ற பிறகும் நிற்கவில்லை. பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்து அடித்துத் தகரமே விரல் கனத்துக்கு ஏறியிருந்தது.

டிரைவர் சீட்டுக்கு எதிரே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. பெயரும் நம்பரும் பொறித்த தகடு அதற்கடியில்தான் இருக்க வேண்டும். அதன் மேல்தான் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பிக் கிடந்தன. சரிதா ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததுமே செல்வாம்பாள் குரல் கொடுத்தாள்.

“அங்க மட்டும் கை வைக்காத சரிதா. அது சாமி எடம்.”

சரி, தகடு இல்லாவிட்டால் என்ன, போல்ட் பேசும் என்று சரிதா கீழே படுத்தாள். பிரெஞ்சுக்காரன் மில்லிமீட்டர்காரன். பதினாலாம் நம்பர் ஸ்பேனரை வைத்தாள், ஏறவில்லை. பதினைந்தை வைத்தாள், லொடலொடவென்று சுற்றியது. இன்னும் ஏழெட்டு இடத்தில் வைத்துப் பார்த்தாள், எங்கும் இதே கதை. பையின் அடியில் கிடந்த அங்குல ஸ்பேனரை எடுத்து மாட்டினதும் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அதுவும் இங்கிலாந்துக்காரன் அளவு இல்லை, அமெரிக்காக்காரன் அளவு. ஒரு போல்ட் என்றால் யாரோ மாற்றியிருக்கலாம். வண்டி முழுக்கவா மாற்றுவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் சரிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிஸ்டன் ஒன்று வாங்கவேண்டும் என்றாலும் வண்டி எந்த நாடு என்று தெரிந்திருக்க வேண்டும். அது இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொன்னால் வண்டி போய்விடும். அந்தம்மா அறுபது வருஷமாகத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருக்கும் பெருமையில் கல்லைத் தூக்கிப் போடுகிறவளுக்கு யார் வண்டியைக் கொடுப்பார்கள்? இனியவன் சுலபமாக வழி சொன்னான்.

“பிரெஞ்சுன்னே சொல்லி வாங்கிட்டு வந்துடு. ஷெட்டுக்கு வந்தப்புறம் அமெரிக்கா ஆக்கிக்கலாம்.”

சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. இரண்டு நாளும் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி சட்டை மடிப்புக் கலையாமல் வந்தார். கேட்கும் முன்னாலேயே, இது அசல் பிரெஞ்சு லாரி, இப்படி ஒன்று இனிமேல் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். செல்வாம்பாள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு சரிதாவைப் பார்த்தாள். பொய் சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் வாயில் வந்தது வேறு.

“இது பிரெஞ்சு வண்டி இல்லம்மா. அமெரிக்கா வண்டி. பேரு என்னன்னு தகட்டைப் பாத்தாத்தான் தெரியும்.”

ஸ்பேனர் விவரத்தையும் சொன்னாள். அந்தம்மா காதில் அதெல்லாம் ஏறவில்லை. மாமனார் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தாரா என்று கேட்டாள். அவர் முசியேவிடம் வாங்கினேன் என்றுதானே சொன்னார், வண்டி எந்த நாடு என்று எப்போது சொன்னார் என்று சரிதா மெதுவாகக் கேட்டாள். செல்வாம்பாள் யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் ஏறியது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்க் கத்தியோடு வந்தாள். கலியமூர்த்தி ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

“நானே சுரண்டிக் காட்டுறேன், வா.”

சாமி இடத்தில் மற்றவர் கை படக்கூடாது, அவள் கை படலாம் போலும். கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறி, முதலில் குங்குமத்தைத் துடைத்தாள். மகன் அடித்த பச்சை உரிந்தது. அதற்கடியில் வெள்ளி, அதற்கடியில் நீலம், இன்னும் என்னென்னவோ நிறம். மஞ்சள் வந்தபோது அவள் கை நின்றது. கல்யாணமான வருஷம் அவள் புருஷன் அடித்த மஞ்சள் அது. பிறகு பெயின்ட் கரைக்கிற தின்னர் கேட்டாள், சரிதா துணியில் நனைத்துக் கொடுத்தாள். கடைசியில் பித்தளை பளிச்சென்று தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்து என்பதால் கலியமூர்த்தியைப் படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“ஃபார்கோ,” என்றார் தயங்கி. “கீழ டெட்ராய்ட்னு போட்டிருக்கு. அது அமெரிக்காதாம்மா.”

செல்வாம்பாள் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சரிதாவுக்கு ஜெயித்த சந்தோஷம் துளியும் வரவில்லை. பாவமாக இருந்தது, ஏன்தான் சொன்னோமோ என்று இருந்தது. வண்டியும் போச்சு, இத்தனை நாள் பழக்கமும் போச்சு என்று நினைத்தாள்.

கலியமூர்த்திக்கும் மனசு கேட்கவில்லை. ஆறுதல் சொல்ல முன்வந்தார். அவருக்கு எந்த நாட்டு வண்டியானாலும் சம்மதமாம். இந்தத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்பக்கம் அழகாக ஒரு பிரெஞ்சுப் பெயரை எழுதிவிடலாம், காப்பி குடிக்க வருகிறவன் சுரண்டியா பார்க்கப் போகிறான் என்றார். நிஜமான நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

செல்வாம்பாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

“இத்தினி வருஷம் தெரியாம வேற பேருல கூப்ட்டேன்,” என்றாள். “தெரிஞ்சப்புறமும் கூப்டச் சொல்றியா?”

அந்தம்மா இறங்கி, சரிதா கையில் அந்தத் தின்னர் துணியைக் கொடுத்துவிட்டு, வண்டியை எப்போது எடுத்துக்கொண்டு போகிறாய் என்று சாதாரணமாகக் கேட்டாள். சரிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. துணியால் முகத்தைத் துடைக்கப் போனவளைக் கலியமூர்த்திதான் தடுத்தார், கண் எரியும் என்று.

மறுநாள் காலை டிராக்டரில் கயிறு கட்டி லாரியை வெளியே இழுத்தார்கள். ஸ்டியரிங்கில் சரிதா. பின்னால் சக்கரத்துக்குக் கட்டை போட இனியவன். செல்வாம்பாள் நல்ல புடவை உடுத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு வெயிலுக்கு வந்த வண்டியைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக் கொளஞ்சி, பிரெஞ்சு லாரி கிளம்பிவிட்டதா என்று கேட்டார்.

செல்வாம்பாள் நடையை நிறுத்தவே இல்லை.

“பிரெஞ்சு ஜாமான் இந்த ஊர்ல யார் வூட்ல இல்ல?” என்றாள். “இது ஃபார்கோ.”