குளவிக் கூடும் பதினான்கு விதிகளும்

அனுஷியாவுக்கு மூன்று நாளாகக் கழுத்து திரும்பவில்லை. சனிக்கிழமை காலை முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்ற வினை. ட்ரோன் பறக்கும்போது பார்வையாளர் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்து மாணவர் படையான கடெட் பிரிவின் விதித்தாளில் அது ஆறாவது விதி. ரிமோட்டைப் பிடித்தவன் அதே பிரிவிலிருக்கும் நப்லான். பார்வையாளராக நின்றவள் இவள்.

இப்போது செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கடெட் அறையில் அவள் முன்னால் விபத்து அறிக்கைப் படிவம் ஒன்று கிடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நளீம் சேர், கடெட் பொறுப்பாசிரியர். ஜன்னல் ஓரத்தில் நப்லான்.

"ஒன்பதாவதுல பென்சிலால போட்டிருக்கேன். நீ பேனாவால எழுதி, கீழ கையெழுத்து வை. பார்வையாளர் கையெழுத்து இல்லாட்டி மேலிடத்துல எடுக்க மாட்டாங்க," என்றார் நளீம் சேர்.

ஒன்பதாவது கேள்வி: ஆபத்து முன்கூட்டியே அறியப்பட்டிருந்ததா? அதற்கு நேரே மெல்லிய பென்சிலில் 'இல்லை' என்றிருந்தது.

சனிக்கிழமை, அனுஷியா குடியிருக்கும் எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் வரைபடப் பயிற்சி. ட்ரோன் பதிவு, பறப்பதற்கான அனுமதிக் கடிதம், தோட்டத்து மேலாளரான துரையின் கையொப்பம், காப்புறுதி எல்லாம் நளீம் சேர் இரண்டு மாதம் அலைந்து வாங்கியவை. பதினான்கு விதிகளையும் அனுஷியாதான் சத்தமாக வாசித்தாள். ஆட்களுக்கு மேலே பறக்கவிடக் கூடாது, விடவில்லை. ஆட்களிடமிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எண்பது மீட்டர் தள்ளி நின்றது. மின்கம்பி இல்லை. மழையும் இல்லை.

ஏழாம் நம்பர் மலை ஓரத்து டர்பன்டைன் மரத்துக்குப் பக்கமாக ட்ரோன் இறங்கியபோது கூட்டிலிருந்து குளவி கிளம்பியது. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஆறு பேருக்குக் கொட்டு விழுந்தது. ஐந்து பேர் ஓடித் தப்பினார்கள். அனுஷியாவின் லயத்திலேயே இருக்கும் சந்திரகாந்தா மட்டும் வடிகால் கானுக்குள் கால் இடறி விழுந்தாள். எண்ணிப் பார்த்த தாதி இருபத்தாறு கொட்டு என்றாளாம். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்றுத்தான் லயத்து வீட்டுக்கு வந்தாள்.

"இல்லைன்னு போட்டா என்ன சேர் நடக்கும்?"

"இயற்கை அனர்த்தம். யார் மேலயும் பிழை இல்ல. அடுத்த மாசம் முகாமுக்கு ட்ரோனும் போகும், நீங்க ரெண்டு பேரும் போவீங்க."

"ஆமான்னு போட்டா?"

"ஏன் போடணும்?" நளீம் சேர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "தெரிஞ்சே பறக்கவிட்டம்னு அர்த்தம். ஒரு வருசம் ட்ரோனைத் தொட ஏலாது."

"காப்புறுதி?"

"பிழை நம்மளுடையதுன்னாத்தான் அது அந்தப் பொம்பளைக்குக் குடுக்கும். பிழையே இல்லாட்டி என்னத்தக் குடுக்க?"

"தோட்டம் பாத்துக்குமே," என்றான் நப்லான்.

"பாக்காது," என்றாள் அனுஷியா. "சந்திரகாந்தாக்கா கைக்காசு ஆளு. பேர் பதிஞ்சவங்க இல்ல. வேலைக்குப் போன அன்னைக்குத்தான் அவங்களுக்குச் சம்பளம். ஒரு கண்ணு இன்னும் தொறக்கல. கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்காங்க."

"அதுக்கு நீ என்ன செய்ய? குளவிக்கு சல்யூட் அடிக்கச் சொல்லிக் குடுக்கவா?" என்றான் நப்லான்.

அனுஷியா பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

சனிக்கிழமை விடியக்காலை லயத்துத் தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவும்போது சந்திரகாந்தா சொன்னாள். "ஏய் சார்ஜன், ஏழாம் நம்பர் டர்பன்டைன்ல குளவி கட்டியிருக்கு. ஒங்க சேர்கிட்ட சொல்லிரு, என்ன." இவள் பல்துலக்கிக்கொண்டே "சரிக்கா" என்றாள். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் போன வருசம் ரிவர்ஸ்டன் மலை நடைப்பயணத்தில் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கட்டிக்கொண்டு போனதற்கு டவுன் பிள்ளைகள் மூன்று மாதம் 'அட்டை சார்ஜன்' என்றார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அவள் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். குளவி என்று வாய் திறந்தால் இன்னொரு பட்டப்பெயர் வரும். நளீம் சேர் "ஆபத்து ஏதும் இருக்கா?" என்று கேட்டபோது விதித்தாளைப் பார்த்தாள். அதில் குளவி இல்லை. "இல்ல சேர்" என்றாள்.

"சேர், ஆமான்னுதான் போடணும்."

"என்ன சொல்றே?"

"எனக்குத் தெரியும். அக்கா காலையிலயே சொன்னாங்க. நான் ஒங்ககிட்ட சொல்லல."

நப்லான் ஜன்னலை விட்டு வந்தான். "ஒனக்குப் பைத்தியமா? வாப்பா முகாமுக்குன்னு புதுச் சப்பாத்தும் வாங்கிட்டார்."

நளீம் சேர் அவனைக் கையமர்த்தினார். பிறகு மேசை லாச்சியிலிருந்து அழிறப்பரை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே அழி."

அழித்தாள். 'ஆம்' என்று எழுதினாள். நடந்ததை விவரமாக எழுத ஒரு தாள் போதவில்லை. நளீம் சேர் கேட்காமலே சீருடைத் தோளிலிருந்த சார்ஜன் பட்டி மூன்றையும் கழற்றி மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

"பதினைஞ்சாவது விதி ஒண்ணு எழுதிட்டுப் போ," என்றார்.

பறக்கவிடுமுன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஆபத்து உண்டா என்று கேட்க வேண்டும் என்று எழுதினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, 'சொன்னால் அதை மறைக்கக் கூடாது' என்று கீழே சேர்த்தார்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் எல்கடுவைக்குப் போனாள். சந்திரகாந்தா லயத்து வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் பூசணிக்காய், இடது கண் ஒரு கோடு.

"அக்கா, நீங்க சொன்னதை நான் படிவத்துல எழுதிக் குடுத்துட்டேன்."

"எதை?"

"குளவி இருக்குன்னு என்கிட்ட சொன்னதை."

சந்திரகாந்தா நல்ல கண்ணால் அவளை முறைத்தாள். "போடி கூறு கெட்டவளே. கங்காணி நேத்து வந்து, யார்கிட்டயாச்சும் சொன்னியான்னு கேட்டாரு. படிக்கிற புள்ள பேரு கெடக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லலன்னுட்டேன். இப்ப நான்ல பொய்க்காரி."

"காப்புறுதி கெடைக்கும்க்கா. கண்டிக்குப் போயி..."

"காப்புறுதிக்காரங்க வந்து கேப்பாங்கள்ல? நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு சொன்னா நம்புவாங்களா? நானே போய்க் கங்காணிகிட்ட மாத்திச் சொல்லணும். அந்தாளு மூஞ்சிய இந்த வீங்கின மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்கணும்." குரல் கொஞ்சம் இறங்கியது. "தோள்ல என்னடி, வெறுசா இருக்கு?"

"கழட்டிட்டேன்."

சந்திரகாந்தா காலி வாளியைக் காலால் தள்ளிவிட்டாள். அனுஷியா அதை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். தண்ணீர் நிறையும்வரை நின்றாள். தூக்கியபோது கழுத்தில் சுரீரென்றது. திரும்பி வந்து வாளியை வாசலில் வைத்தாள். அதற்குள் சந்திரகாந்தா உள்ளே போய்ப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஒன்பதாம் கேள்விக்குப் பதில் போய்விட்டது, பட்டியும் போய்விட்டது. படிவத்தில் எழுதியதை அக்காவிடம் சொன்னவள் "மன்னிச்சிருங்கக்கா" என்று மட்டும் சொல்லவில்லை. சந்திரகாந்தாவுக்கு அந்த மன்னிப்பு இன்னும் பாக்கி.