எட்டுக் கட்டைக் கோபுரம்

சிட்டுவுக்கு நான்கு வயது. வாயைத் திறந்தால் ஏழெட்டு வார்த்தைதான் வரும். ஆனால் எட்டு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னால் போதும், கொத்தனார் தோற்றுப்போவார். எல்லாம் அம்மா கொடுத்த பயிற்சி.

அம்மா சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். ஒரு சட்டையின் மடிப்பை ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். ஆறு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் சிட்டுவின் வளர்ச்சியைச் சோதித்தபோது, மேசையில் என்னென்ன இருந்தன, எதையெதைக் கேட்டார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவைத்தாள். மறுநாளே அதே மாதிரி கட்டை, மணி, படம் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன.

"எம்பொண்ண மந்தம்னு எழுத எவளுக்குத் தைரியம் வருதுன்னு பாக்கறேன்," என்று புருஷனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். அந்த வீட்டில் அவனுக்கு அதைவிட்டால் வேறு வேலை ஏது?

இன்று மறுசோதனை. சிட்டு வெளுத்து வாங்கிவிட்டாள். கோபுரம் கட்டினாள், மணி கோத்தாள், நாய்ப் படத்தையும் பூனைப் படத்தையும் சரியாகத் தொட்டுக் காட்டினாள். சோதனை எடுத்த அக்கா அசந்துபோனாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா, போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவோடு வந்தார்.

"இவளுக்குக் குரோமோசோம் ஒண்ணுல சின்னதா ஒரு துண்டு இல்லம்மா. அதனாலதான் பேசறது, புரிஞ்சுக்கறது எல்லாம் லேட்டாகுது. யார் தப்பும் இல்ல. இங்க ஒரு பயிற்சி வகுப்பு இருக்கு, பத்தே பத்துக் குழந்தைங்கதான். இவளுக்குன்னு ஒரு இடம் வெச்சிருந்தேன். ஆனா இவ்வளவு நல்லா செஞ்சிருக்காளே, அதை அடுத்த குழந்தைக்குக் கொடுத்துடலாம். உங்களுக்கும் சந்தோஷம்தானே?"

அடிப் பாவி, உன் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ என்று அம்மா தன்னைத்தானே சபித்துக்கொண்டாள்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன் டாக்டர். அத்தனையும் மனப்பாடம். வேற எதையாவது கேட்டுப் பாருங்க, ஒண்ணும் தெரியாது அவளுக்கு."

பெற்றவள் வாயாலேயே அதைச் சொல்லவேண்டி வந்தது.

அக்கா வேறொரு பெட்டியை எடுத்துவந்தாள். கிண்ணத்துக்கு எந்த மூடி சேரும் என்று கேட்டாள். எது பெரிய பந்து என்று கேட்டாள். சிட்டு ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஜாடைகூடக் காட்டக்கூடாதென்று அம்மா சுவரைப் பார்த்தபடி நின்றாள். தாளில் வரிசையாக முட்டை விழுந்தது. முட்டை விழ விழ இடம் உறுதியாயிற்று.

"இடம் இவளுக்குத்தான்," என்றார் டாக்டரம்மா.

அம்மா அழுதுவிட்டாள். அதைப் பார்த்த சிட்டு நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. வலது கையைக் கவிழ்த்து, புறங்கையை அம்மாவிடம் நீட்டினாள்.

"என்ன பண்றா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இந்த ஆறு மாதமாய், கோபுரம் சரிந்தபோதெல்லாம் அவள் மரஸ்கேலால் அடித்த இடம் அது.