நாற்பதுக்குப் பதினொன்று

“காலைத் தோளுக்கு மேலே தூக்கணும்டி, தோளுக்கு மேலே! உனக்கு மாடிப்படி ஏறினாலே முட்டி கடகடங்குது!”

“என் முட்டிய விடுண்ணா. நீதான் இன்னிக்கு உக்காரக்கூட முடியாம நிக்குற!”

“அதத்தானே சொல்றேன்! நான் பட்டுட்டு வந்து சொல்றேன், கேக்க மாட்டேங்குற!”

“ஏங்க, கத்தாதீங்க. பாதித் தொண்டை ஏற்கெனவே போயிடுச்சு. மிச்சத்தையாவது வச்சுக்கங்க.”

வெள்ளிக்கிழமை மாலை ஆறேகால் மணி. எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் அவர்கள் கூடத்து ஜன்னலுக்கும் நடுவே இரண்டு முழம் காற்றுதான் இருக்கிறது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க வேண்டுமானால் காதைக் கழற்றி வைக்க வேண்டும்.

அண்ணன்காரர் காப்பீட்டுக் கம்பெனியில் இருக்கிறார். மோதி நசுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்து, கதவு போச்சா, பம்பர் போச்சா என்று சேதத்தை மதிப்பிடுகிற வேலை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘மதிப்பீடு’தான். அண்ணிக்குப் பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். தங்கச்சி கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக இருக்கிறாள். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவள் போட்டிருக்கும் கண்ணாடியின் கனத்தைப் பார்த்தால் மூக்கின் மேல் நமக்கே பரிதாபம் வரும்.

சண்டை என்ன என்றால், தங்கச்சி எந்தச் சண்டையைக் கற்றுக்கொள்வது என்பது.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடையில் ஒரு ஆள். புதுக் கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது என்று வந்தவன், பேச்சு முற்றி மேசைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி இவள் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கிவிட்டான். உள்ளேயிருந்து லென்ஸ் அறுக்கிறவர் ஓடிவந்த பிறகுதான் விட்டான். அன்றைக்கு மாடிப்படியில் என்னிடம் சிவந்த கையைக் காட்டினாள்.

“வலி ஒண்ணுமில்லக்கா. கையை இழுத்துக்கணும்னுகூட எனக்குத் தோணல பாருங்க. மரம் மாதிரி நின்னேன். அதுதான் ஆற மாட்டேங்குது.”

அடுத்த வாரமே முடிவெடுத்துவிட்டாள். பின்தெருவில் விளையாட்டுக் கட்டடம் இருக்கிறது. கீழே குத்துச்சண்டை, முதல் மாடியில் ஒரு நாள் கராத்தே, ஒரு நாள் டேக்வாண்டோ, உச்சி மாடியில் ஜூடோ. புதிதாய் வருகிறவர்களை வருடத்துக்கு இரண்டு தடவைதான் சேர்க்கிறார்கள். இந்தத் தடவை சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டோடு கதவு மூடுகிறது. விட்டால் இன்னும் ஆறு மாதம்.

ஆறு மாதம் என்பது இந்தக் குடும்பத்தில் ஆறு மாதம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று மதிப்பீடு விசாரித்தார், விசாரித்தார், விசாரித்துக்கொண்டே இருந்தார். அவள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறாள். நீச்சல் அதற்கு முந்தின வருடம். மெத்தை வாங்க மூன்று மாதம் ஆனது. அதுவரை மூன்று பேரும் தரையில் படுத்தார்கள். இந்தத் தடவையும் நழுவினால் அவள் இனி வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது. கூடப் பிறந்தவருக்குத் தெரியவில்லை.

அவர் பாட்டுக்குக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு அட்டவணையை ஒட்டிவைத்தார். கத்தரிக்கோல் இரவல் கேட்கப் போன இடத்தில் நிதானமாகப் படித்தேன். தூரம், பயன், வயசுக்குப் பொருத்தம், உடம்புச் சேதம். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், ஆக நாற்பது. நாலு வகுப்பும் ஒரே கட்டடத்தில் நடக்கும்போது தூரத்துக்கு எதற்கு ஒரு கட்டம் என்று கேட்க நாக்கு துடித்தது. கத்தரிக்கோல் வேண்டுமே, அடக்கிக்கொண்டேன்.

மார்க் போட வேண்டுமானால் நேரில் பார்க்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு நாள் இலவசமாகச் செய்து பார்க்கலாம். தங்கச்சியை அனுப்பவில்லை. இவரே போனார். நாற்பத்தைந்து வயதில், தொப்பையோடு.

திங்கட்கிழமை டேக்வாண்டோ. உதைக்கத் தூக்கிய கால் தொடைக்குப் பின்னால் சுளுக்கிக்கொண்டது. பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக நண்டு போல ஏறி வந்தார். புதன்கிழமை கராத்தே. குத்துக்குக் குத்து அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னார்களாம். அடிவயிறு எது என்று தெரியாமல் தொண்டையால் கத்திவிட்டு வந்தார். வியாழக்கிழமை குத்துச்சண்டை. கூடப் போன அண்ணி மணல்மூட்டையைப் பிடித்துக்கொள்ள, இவர் கட்டை விரலை மற்ற விரல்களுக்கு உள்ளே மடக்கிவைத்து ஓங்கி ஒரு குத்து விட்டார். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூடோவை அவர் போய்ப் பார்க்கவே இல்லை. “கட்டிப் புரள்றதெல்லாம் ஒரு கலையா?” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினொன்று போட்டுவிட்டார். அதிலும் பத்து மார்க் தூரத்துக்கு.

ஆக அந்த வெள்ளிக்கிழமை, காலும் தொண்டையும் விரலும் போன நிலையில், முடிவை அறிவித்துக்கொண்டிருந்தார்.

“கராத்தே. நாப்பதுக்கு இருபத்தொம்போது. முடிஞ்சுது.”

“கராத்தேல மூஞ்சில பட்டா?” இது அண்ணி. “முன்பல்லு ரெண்டு போனா, வாயைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நான்தான் நிக்கணும். யோகா போகட்டும்ங்க.”

“யோகாவுக்கு அட்டவணையில இடமே இல்ல!”

“நான் இன்னும் ஒரு வகுப்பக்கூடப் போய்ப் பாக்கலையே அண்ணா.”

“உனக்காகத்தானே நான் போனேன்!”

“உன் உடம்புல இருக்கிற வலிய வச்சுக்கிட்டு நான் எப்படி முடிவு பண்றது?”

நியாயமான கேள்வி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நான் பதிலுக்குக் காத்திருந்தேன். வந்தது வேறொன்று. “சரி, அடுத்த ஆறு மாசத்துக்குள்ள இன்னும் ரெண்டு எடம் விசாரிச்சு, நிதானமா...”

கதவு சாத்திய சத்தத்தில் எங்கள் வீட்டு அலமாரிக் கிண்ணங்கள் ஆடின. இத்தனை வருடத்தில் அவள் கதவைச் சாத்தி நான் கேட்டதில்லை.

மறுநாள் பத்தே முக்காலுக்கு அவள் தனியாகப் படியிறங்கினாள். எனக்கும் அந்தப் பக்கம் காய்கறி வாங்க வேண்டியிருந்தது. காய்கறிக் கடை எதிர்த்திசையில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

விளையாட்டுக் கட்டடத்து வாசல் மேசையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவள் பெயரைக் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினான். அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடியும் புரட்டினான்.

“மேடம், நீங்கதான் மூணு வகுப்பும் பாத்துட்டீங்களே. இன்னொரு தடவை இலவசமா விட மாட்டாங்க.”

“நான் இப்பதாங்க முதல் தடவையா இந்த வாசல மிதிக்கிறேன்.”

“இல்லையே. திங்கக்கிழமை தொடையில சுளுக்கு, ஐஸ் வச்சு அனுப்பினோம்னு எழுதியிருக்கு. வியாழக்கிழமை வலது கை கட்டை விரல். காட்டுங்க?”

அவள் இரண்டு கட்டை விரலையும் நீட்டிக் காட்டினாள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. சேரப்போகிறவள் தங்கச்சிதானே என்று மதிப்பீடு மூன்று படிவத்திலும் அவள் பெயரையே எழுதியிருக்கிறார்! நேர்மையான மனுஷர், என்ன செய்வது.

“பாக்காம மிச்சம் இருக்கிறது ஜூடோதான். மேலே இப்ப நடக்குது, போய்ப் பாருங்க.”

மூன்று மாடி. முட்டி கடகடக்க ஏறினாள், பின்னால் நானும். எனக்கும் பின்னால் அண்ணியின் குரலும் ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தமும் கேட்டன. சமாசாரம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.

உச்சி மாடியில் சுவரிலிருந்து சுவர் வரை பாய்விரிப்பு. சொல்லிக்கொடுக்கிற அம்மாவுக்கு இவள் வயதுதான் இருக்கும், நல்ல குண்டு. வாரநாளில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இவளுக்கு ஒரு கெட்டியான வெள்ளைச் சட்டையைக் கொடுத்து மாட்டச் சொன்னார்.

“கண்ணாடிய அந்தப் பலகையில வச்சுட்டு வாங்க.”

“ஐயோ, கழட்டினா எனக்கு உங்க மூக்குகூடத் தெரியாதே.”

“என் மூக்கு உங்களுக்கு எதுக்கு? சட்டைக் காலரைப் பிடிங்க.”

எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. கதவருகே மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற மதிப்பீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நாலு கட்டம் போட்டு நாற்பது மார்க் பிரித்த மனுஷனுக்கு, கண்ணாடியைக் கழற்றினால் தங்கச்சிக்கு எதிரே ஆள் இருப்பதே தெரியாது என்பது ஒரு கட்டத்திலும் வரவில்லை. உதையும் குத்தும் தூரத்திலிருந்து வருகிறவை. கண்ணால் பார்த்துத்தான் ஒதுங்க வேண்டும். இவர் கழுகுக் கண்ணை வைத்துக்கொண்டு போய் அவளுக்காகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பல்லை நினைத்த அண்ணிக்கும் அது தோன்றவில்லை. பதினான்கு வருடம் கண்ணாடி விற்கிறவளுக்கே தோன்றவில்லை. முழுக் குடும்பமும் சேர்ந்து முழங்காலைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறது.

முதலில் விழக் கற்றுக்கொடுத்தார்கள். மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கையால் பாயை ஓங்கி அறைந்து விழ வேண்டும். பொத், பொத் என்று விழுந்தாள். ஒவ்வொரு ‘பொத்’துக்கும் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாப்பதுக்குப் பதினொண்ணுடி!” மதிப்பீட்டின் கிழிந்த தொண்டை.

“சார், செருப்போட பாயில ஏறாதீங்க,” என்றார் பேருந்து அம்மா.

பிறகு காலரைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தார். அவர் தள்ளினார், இவள் பின்னால் போனாள். இழுத்தார், வந்தாள். இரண்டு மூன்று தடவை தடுமாறினாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். திறந்திருந்தாலும் பயனில்லை அல்லவா? அந்த அம்மா இவள் மணிக்கட்டைப் பிடித்துச் சட்டென்று இழுத்தபோது, இழுத்த பக்கமே ஒரு அடி வைத்துத் திரும்பிக் கையைப் பறித்துக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“அண்ணா!” எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கத்தினாள். “நான் நிக்கல! நகந்துட்டேன்!”

பதினொன்று ஐம்பதுக்குக் கீழே மேசையில் படிவத்தை நிரப்பினாள். “குடு, நான் எழுதுறேன்,” என்று மதிப்பீடு பேனாவைக் கேட்டார்.

“கட்டை விரல் சரியாகட்டும்ணா,” என்று சொல்லிவிட்டு அவளே எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக. பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன், அவளுக்காக இல்லை, அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் காற்புள்ளி விட்டுப்போச்சு என்று சொன்ன அண்ணனுக்காக.

அட்டவணை இன்னும் ஒரு மாதம் குளிர்பதனப் பெட்டிக் கதவில் தொங்கியது. பதினொன்றை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று திருத்தியிருந்தார். அதற்கு மேல் மனசு வரவில்லை.

அடுத்த வருடம் மதிப்பீட்டுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியது. மூன்று படுக்கையறை வீடுகளாகப் பார்த்து எட்டு வீட்டுக்கு மார்க் போட்டார். ஒன்பதாவதைப் போடும்போது தங்கச்சி, “ரெண்டு ரூம் போதும்ணா, நான் வரல,” என்றாள். அந்தச் சண்டை நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் அண்ணனும் அண்ணியும் சாமான் வண்டியில் ஏறினார்கள். அவள் கடைத்தெருவிலேயே ஒற்றை அறை பார்த்துக்கொண்டு போனாள். அந்த வீட்டுக்கு இப்போது வந்திருப்பவர்கள் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். சண்டையே போடுவதில்லை, என்ன ஜன்மங்களோ.

போன மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவராம், மனைவியை இழந்தவராம், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அண்ணனுக்கே போன் செய்தாளாம். அண்ணனைக் கேட்காதது சரி, அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் பதினோரு வருடம் இருந்த எனக்குப் பத்து நாள் கழித்துத் தெரிகிறது, அதுவும் காய்கறிக்காரர் சொல்லி!