யாவோரின் ஒரே கதை

பல்கேரியத் திரையுலகுக்கும் அதன் வழியாக மனித குலம் முழுமைக்கும் பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கப்படுவது என்னவென்றால், பிளவ்டிவ் நகரத்து இயக்குநர் யாவோர் தம்முடைய ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு கதையைக் கண்டுபிடித்துவிட்டார்.

புருஷன் செத்த நாற்பதாம் நாள், ஊர் வழக்கப்படி அவன் படம் போட்ட இரங்கல் தாளைத் தெருச்சுவரில் ஒட்டப் போகிறாள் பென்கா. அங்கே ஏற்கெனவே ஒரு தாள். அதே முகம், கீழே வேறொருத்தியின் பெயர், 'மனைவி' என்று. அவள் யார் என்று பென்கா தேடிப் போகிறாள். அவ்வளவுதான்.

அவ்வளவோடு யாவோர் விட்டால்தானே. சோஃபியாவில் படத்துக்கு நிதி தரும் குழுவினர் ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும் என்று துப்புத் துலக்கி வைத்திருந்தார். சரித்திரப் பேராசிரியருக்காகப் பென்காவின் மாமனார் கெரில்லாவாகத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார். வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்பு கேட்பவருக்காக ம்யூனிக்கில் ஒரு மகன் முளைத்தான். இயற்கையை நேசிக்கும் அம்மாளுக்கு ஒரு கரடி. இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். ஒரு கதைக்கு மூன்று வாய்ப்புதான். இதுவும் போனால் பென்கா பரணுக்குப் போகவேண்டியதுதான்.

இருபது வருஷமாக அவர் படங்களுக்குப் படத்தொகுப்பு செய்யும் ரூஷாவிடம் காகிதங்களை நீட்டினார்.

“இந்தக் கரடி எதுக்கு?”

“அது ஒரு குறியீடு.”

“அப்ப கரடிக்கே இரங்கல் தாள் அடிச்சிடு. யாவோர், அவ கையில பசையோட சுவத்து முன்னால நிக்கிறா. நானும் பக்கத்துல நிக்கிறேன். என்னை ஏன் ம்யூனிக்குக்கு இழுத்துட்டுப் போற?”

சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாகப் பேனாவால் அடித்துத் தள்ளினாள். பல்லைப் பிடுங்குவதுபோல யாவோர் முகத்தைச் சுளித்தார். பன்னிரண்டு பக்கம் போய் ஒரு பக்கம் மிஞ்சியது. அது நன்றாக இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்தது. சோஃபியா போகும் வழியெல்லாம் அதையே மனப்பாடம் செய்தார்.

குழு கொடுத்தது ஐந்து நிமிஷம். இரண்டே நிமிஷத்தில் பென்காவின் கதையைச் சொல்லி முடித்தார். யாரும் இருமவில்லை. பேராசிரியரின் பேனா நின்றது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷத்தில் யாவோருக்கு இப்படியொரு மௌனம் வாய்த்ததில்லை. அதனால் அது என்னவென்று அடையாளம் தெரியவில்லை. சலித்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தார். கையில் இன்னும் மூன்று நிமிஷம் வேறு இருந்தது.

“இதுல பென்காவோட மாமனார் பாத்தீங்கன்னா, அந்தக் காலத்துல காட்டுல இருந்தவரு…”

நேரம் முடிந்து மணி அடித்தபோது மகன் ம்யூனிக்கில் ரயில் ஏறிக்கொண்டிருந்தான். பென்கா சுவருக்கு முன்னால் தனியாக நின்றாள்.

அந்த வருஷத்து நிதி ஒரு நாயைப் பற்றிய படத்துக்குப் போனது.